டோடோவைச் சுற்றி நிற்கும் சாட்சிகள்

அன்புள்ள ஐயா,

மொரீஷியஸ் தீவில் வாழ்ந்து அழிந்துபோன டோடோ பறவையை முகலாய ஓவியர் மன்சூர் வரைந்ததாகக் கருதப்படும் படத்தை என் கருத்தரங்கக் கட்டுரையில் சேர்த்திருந்தேன். “ஓவியம் ஆதாரமாகாது, எலும்பைப் பற்றி எழுது” என்று நெறியாளர் அதை நீக்கச் சொல்லிவிட்டார். ஓவியர்கள் கற்பனை கலப்பவர்கள்தானே என்று எனக்கும் தோன்றுகிறது. விலங்கியல் மாணவர்கள் கலை வரலாறு படிக்க வேண்டுமா? நூல்களையும் பரிந்துரையுங்கள். படத்தை இணைத்திருக்கிறேன்.

முதுகலை மாணவி, திருநெல்வேலி

அன்புள்ள மகளே,

சில வாரங்களாக அந்தப் பறவையையே நினைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் உன் கடிதம் வந்தது. கலை வரலாறு படிக்கத்தான் வேண்டும்; நூல்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் நீ இணைத்த படத்தைப் பற்றிப் பேச வேண்டும். அதில் டோடோ மட்டும் இருக்கிறது. மற்றதையெல்லாம் வெட்டிவிட்டாய். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

1625 வாக்கில் வரையப்பட்டு இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கும் அந்த ஓவியத்தில், டோடோவைச் சுற்றி வேறு பறவைகளும் உள்ளன. மேலே ஒருபுறம் மலாய்ப் பகுதியின் சிறு தொங்குகிளி, மறுபுறம் மேற்கு இமயத்தின் டிராகோபன் என்ற கோழியினப் பறவை. கீழே வரித்தலை வாத்தும் கல்கௌதாரியும். இந்த இனங்கள் இன்றும் வாழ்பவை என்பதால், ஓவியரின் கை எவ்வளவு நம்பத்தக்கது என்பதை அவற்றோடு ஒப்பிட்டுச் சோதிக்க முடியும். பறவையியலாளர்கள் ஒவ்வொன்றையும் இனம் பிரித்துச் சொல்லும் அளவுக்குத் துல்லியமாக வரைந்த கை, நடுவில் நிற்பதை மட்டும் மனம்போனபடி வரைந்திருக்கும் என்று சொல்ல என்ன முகாந்திரம்? அதே காலத்தில் சூரத்தில் இரண்டு டோடோக்களைப் பார்த்ததாக பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேய வணிகரும் எழுதியிருக்கிறார். சாட்சிகளை வெளியே அனுப்பிவிட்டு, ஆதாரம் இல்லை என்று நீயே தீர்ப்பும் சொல்கிறாய்.

எலும்பு தானாகப் பேசிவிடும் என்று உன் நெறியாளர் நம்புகிறார் போலும். மொரீஷியஸின் சதுப்பு ஒன்றில் 1865-இல் டோடோ எலும்புகள் கிடைத்தபோது, ரிச்சர்ட் ஓவன் என்ற பெரும் உடற்கூற்றியலாளர் அவற்றை எப்படி அடுக்கினார் தெரியுமா? சேவரி என்ற ஓவியர் 1626 வாக்கில் வரைந்த கொழுத்த டோடோவின் உருவக்கோட்டுக்குள் பொருத்தினார். 1866-இல் அவர் வெளியிட்ட பறவை பதுங்கி உட்கார்ந்தது. மேலும் எலும்புகள் கிடைத்த பிறகு, 1869-இல் அவரே அதை நிமிர்த்தினார். சேவரியின் முன்னால் இருந்தது காட்டில் திரிந்த பறவையா, கூண்டில் தின்று பெருத்ததா, பாடம் செய்த தோலா என்ற கேள்வியை ஓவியம் அறிந்த ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் முதலிலேயே கேட்டிருப்பார்.

இதை நான் என் கையாலேயே செய்து கற்றவன். எங்கள் கல்லூரியில் பாடம் செய்த மடையான் ஒன்று இருந்தது. பஞ்சை அளவுக்கு மீறித் திணித்திருந்ததால் அது அடைகாக்கும் கோழியைப் போல் நின்றது. இரண்டு மாலைகள் உட்கார்ந்து, கழுத்துக் கோடுகளைக்கூட எண்ணி ரெக்கார்ட் நோட்டில் வரைந்தேன். முழு மதிப்பெண் கிடைத்தது. அந்த ஐப்பசியில் வாய்க்கால் வரப்பில் உயிருள்ள மடையானைப் பார்த்தேன். கழுத்தே இல்லாததுபோல் ஒடுங்கி நின்றது, தவளை அசைந்ததும் கழுத்தை நீட்டியது. இவ்வளவு கழுத்தை எங்கே மடித்து வைத்திருந்தது என்று திகைத்து நின்றுவிட்டேன். என் படத்தில் ஒரு கோடுகூடப் பொய்யில்லை. ஆனாலும் அது மடையான் இல்லை. ஓவியர்களைக் கற்பனை கலப்பவர்கள் என்று நீ ஒரே சொல்லில் தள்ளும்போது எனக்கு வலிப்பது அதனால்தான்.

வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் உன் ஊருக்குப் பக்கத்திலேயே, கூந்தன்குளத்துக்கு வருகின்றன. வெட்டாத படத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு, தை பிறந்ததும் ஒரு விடியற்காலையில் போ. வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டைகள் இருக்கும். அவற்றையும், கழுத்து உடலோடு சேரும் இடத்தையும் படத்தோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள். முடிந்தால் நெறியாளரையும் அழைத்துப் போ. அந்தக் குறிப்புகளை எனக்கு அனுப்பு, கட்டுரையில் படத்தை எங்கே வைப்பதென்று சேர்ந்து பார்ப்போம்.