கேள்வி-பதில்: ஜெரெமி பிரெட் வாரம்

'திரையில் வந்த ஷெர்லக் ஹோம்ஸ்களில் ஜெரெமி பிரெட்டுக்கு அப்புறம்தான் மற்றவர்கள்' என்று போன இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே மேசையை நிறைத்துவிட்டன. அரசியல், ஆன்மிகம், முடி உதிர்தல் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள்க.

யார் சார் இந்த ஜெரெமி பிரெட்? பெயரே கேள்விப்பட்டதில்லையே!
வாசகி, நாமக்கல்

டி.வி. தொடரில் ஷெர்லக் ஹோம்ஸாக நடித்த இங்கிலாந்து நடிகர். அது அவர் வீட்டில் வைத்த பெயரும் இல்லை. பீட்டர் ஜெரெமி வில்லியம் ஹக்கின்ஸ் என்பதுதான் முழுப்பெயர். 1933-ல் இங்கிலாந்தின் பெர்க்ஸ்வெல் கிராமத்தில் பிறந்தவர். அப்பா ராணுவ அதிகாரி. பிள்ளை ஈட்டன் பள்ளியில் படித்துவிட்டு நடிக்கப் போகிறேன் என்றதும், குடும்பப் பெயரை மேடைக்குக் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லிவிட்டார். பையன் தன் முதல் கோட்டைப் புரட்டி உள்ளே தைத்திருந்த தையல் கடை லேபிளைப் பார்த்தான். 'பிரெட் அண்ட் கோ' என்று இருந்தது. பெயர்ப் பிரச்சினை தீர்ந்தது. பின்னாளில் அந்தத் தையல் கடைப் பெயர்தான் உலகம் முழுக்கப் போனது. ஹக்கின்ஸ் கர்னலை நாம் தெரிந்துகொள்வதும் அதனால்தான்.

அவர் இங்கிலீஷ் பேசினால் கத்தியால் வெட்டினாற்போல் இருக்கிறதே, பிறவியிலேயே அப்படியா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

பிறவியில் நேர் எதிர். நாக்கின் அடியில் தசை ஒட்டியிருந்ததால் 'ர'வும் 'ஸ'வும் சரியாக வராது. பதினேழு வயதில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அதற்குப் பிறகும், பெரிய நடிகர் ஆன காலத்திலும், தினமும் உச்சரிப்புப் பயிற்சியை விடவில்லை. ஹோம்ஸ் ஒரு சொல்லை நிறுத்தி, நறுக்கி, கடைசி எழுத்தைச் சுண்டிவிடுகிறாரே, அந்தச் சொகுசு இப்படிக் கஷ்டப்பட்டுச் சம்பாதித்தது.

'மை ஃபேர் லேடி'யில் கதாநாயகி வீட்டுத் தெருவில் நின்று பாடுகிற இளைஞர் இவர்தான் என்கிறானே என் தம்பி. நிஜமா? அவ்வளவு நன்றாகப் பாடுவாரா?
வாசகர், கும்பகோணம்

தம்பி சொன்னது சரி. 1964-ல் வந்த அந்தப் படத்தில் ஃபிரெடியாக வருபவர் இவரே. ஆனால் குரல் பில் ஷெர்லி என்பவருடையது. இத்தனைக்கும் பிரெட்டுக்குப் பாட வரும். ஈட்டனில் பாடகர் குழுவில் இருந்தவர், 1968-ல் பி.பி.சி.யின் 'தி மெர்ரி விடோ'வில் சொந்தக் குரலிலேயே பாடினார். பாடத் தெரிந்தவருக்கும் பின்னணிக் குரல் வைப்பது நமக்குப் புதிதா என்ன?

ஹோம்ஸ் வேடம்தான் அவர் புத்தியைப் பேதலிக்க வைத்து, கடைசியில் கொன்றும்விட்டது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். ஒரு பாத்திரம் ஆளைக் கொல்லுமா?
வாசகர், திருச்சி

இந்தக் கதை எனக்குப் பிடிக்காது. கேட்க ஜோராக இருக்கிறது என்பதற்காகவே ஊர் ஊராகச் சுற்றுகிறது.

நடந்ததைச் சொல்கிறேன். பதினாறு வயதில் அவருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்தது. அது இதயத்தைக் கெடுத்துவிட்டுப் போகும். அப்புறம் சிகரெட், ஒன்று அணைவதற்குள் அடுத்தது. 1985 ஜூலையில் மனைவி ஜோன் வில்சன் புற்றுநோயில் இறந்தார். ஹோம்ஸ் அருவியில் விழுந்து செத்துவிட்டதாக எல்லோரும் நம்புகிற 'தி ஃபைனல் பிராப்ளம்' கதையை நடித்து முடித்திருந்த சமயம் அது. அடுத்த ஆண்டே மனம் நிலைகுலைந்து மருத்துவமனை. மனம் உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மாறி மாறிப் போகிற இருமுனைக் கோளாறு என்று கண்டுபிடித்தார்கள். அதற்குத் தந்த லித்தியம் மாத்திரையால் உடம்பில் நீர் கோத்து ஊதிப்போனார். ஏற்கெனவே பழுதான இதயம். இத்தனையோடும் 1994 வரை ஹோம்ஸாக நடித்து, 1995 செப்டம்பரில் லண்டனில், 61 வயதில், இதயம் செயலிழந்து இறந்தார். இதில் ஹோம்ஸ் எங்கே வந்து கொன்றார்?

அந்த வேடம் அவரைப் பிழிந்தது உண்மை. ஹாம்லெட்டைவிடக் கஷ்டம் என்று அவரே சொல்லியிருக்கிறார். காரணம் எளிது: ஹோம்ஸ் ஒட்டாத மனிதர், பிரெட் பார்த்தவர்களையெல்லாம் கட்டிக்கொள்கிற ஆள். தன்னிடம் இல்லாத அந்தக் குளிர்ச்சியை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டுமே. அதற்காக, ஹோம்ஸ் கதைகளின் ஆசிரியர் கோனன் டாயில் எழுதாத ஓர் இளமைப் பருவத்தையே ஹோம்ஸுக்குக் கற்பனை செய்துகொண்டார். கஞ்சி போட்டு விறைத்த உடுப்பில் ஓர் ஆயா. பிள்ளையைத் தேய்த்துக் குளிப்பாட்டுவாள், ஒருநாளும் முத்தம் தரமாட்டாள். அந்தப் பிள்ளை வளர்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி நடித்தார். தயாரித்த கிரானடா நிறுவனம் ஹோம்ஸின் பழக்கவழக்கங்களைத் தொகுத்து 77 பக்கத்தில் ஒரு கோப்பே வைத்திருந்தது. இவரோ படப்பிடிப்புக்கு மூலக்கதைப் புத்தகத்தோடு வந்து, திரைக்கதையில் எங்கே விலகினாலும் சண்டை பிடிப்பார்.

இவ்வளவு கறாரான மனிதர் மூலத்தை மீறிய இடம் ஒன்று உண்டு. 1988-ல் வந்த 'தி டெவில்ஸ் ஃபுட்'. அதில் விஷப் புகையில் சிக்கிப் பேய்க்கனவு கண்டு விழிக்கும் ஹோம்ஸ், தன்னை வெளியே இழுத்துப்போட்ட நண்பர் ஜான் வாட்சனைப் பார்த்து 'ஜான்!' என்று அலறுவார். கதைகளில் ஹோம்ஸ் அவரை 'ஜான்' என்று அழைத்ததே இல்லை. அந்த ஒரு சொல்லில் ஆயா வளர்த்த பிள்ளையின் பூட்டு தெறித்துவிடும். அதே கதையில் ஹோம்ஸ் கோகெய்ன் ஊசியைக் கடற்கரை மணலில் புதைப்பார். குழந்தைகளும் தொடரைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்து, கோனன் டாயிலின் மகள் ஜீனிடம் அனுமதி வாங்கிச் சேர்த்த காட்சி அது. வேடம் விழுங்கிவிட்ட ஆள் செய்கிற காரியமா இது? என் கணக்கில், கட்டுப்பாடு கடைசிவரை பிரெட் கையில்தான் இருந்தது. உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. 'தி மசாரின் ஸ்டோன்' எடுக்கும்போது முடியாமல் போக, அண்ணன் மைக்ராஃப்டாக வரும் சார்லஸ் கிரேயை வைத்துத் துப்பறிய விட்டார்கள்.

வாட்சன் திடீரென்று வேறு ஆளாக மாறிவிடுகிறாரே, சம்பளத் தகராறா?
வாசகி, தேனி

சம்பளம் இல்லை அம்மா, பிள்ளைப் பாசம். முதல் வாட்சன் டேவிட் பர்க் 13 கதைகளோடு விலகினார். சின்னப் பிள்ளையை விட்டுவிட்டுப் படப்பிடிப்புக்கு அலைய விருப்பமில்லை. தனக்குப் பதிலாக எட்வர்ட் ஹார்ட்விக்கை அவரே சிபாரிசும் செய்தார். அந்தப் பிள்ளைதான் டாம் பர்க். வளர்ந்து, இப்போது கார்மரன் ஸ்ட்ரைக் என்ற துப்பறிவாளராக டி.வி.யில் வந்துகொண்டிருக்கிறார்.

வாட்சனை ஒரு அசடாகக் காட்டுகிற பழைய சினிமா வழக்கத்தை இந்தத் தொடர் ஒழித்தது என்பதற்காகவே நான் இரண்டு பேருக்கும் கும்பிடு போடுவேன்.

பிரெட்டா, 'ஷெர்லக்' தொடரில் ஹோம்ஸாக வந்த கம்பர்பேட்சா? ஒரே வார்த்தையில்!
கல்லூரி மாணவர், கோவை

பிரெட்.

ஹோம்ஸ் தவிர வேறு என்ன உருப்படியாக நடித்திருக்கிறார்?
வாசகர், வேலூர்

பெரிய நடிகர் லாரன்ஸ் ஒலிவியே காலத்தில் லண்டன் நேஷனல் தியேட்டரில் இருந்தவர். 1970-ல் ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் ஒலிவியே ஷைலக்காக நிற்க, இவர் பஸ்ஸானியோ. 1956-ல் 'வார் அண்ட் பீஸ்' படத்தில் ஆட்ரி ஹெப்பர்னுக்கு அண்ணன். 1980-ல் லாஸ் ஏஞ்சலிஸ் மேடையில், சார்ல்டன் ஹெஸ்டன் ஹோம்ஸாக நடிக்க, இவர் வாட்சன்! ஆனால் எனக்குப் பிடித்தது பி.பி.சி.யின் 1979 'ரெபெக்கா'. அதில் இவர் மாளிகையின் எஜமானர். முதலாளியின் வாழ்க்கையையே நஞ்சாக்கும் வீட்டு நிர்வாகி டான்வர்ஸாக வருபவர் ஆன்னா மாஸி, இவரது விவாகரத்தான முதல் மனைவி. அந்த அம்மாள் இவரை ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள்.

எந்தக் கதையில் தொடங்கலாம்? மொத்தம் 41 என்கிறார்களே, எல்லாவற்றையும் பார்க்க ஏது நேரம்?
இல்லத்தரசி, விருதுநகர்

'தி ரெட் ஹெடட் லீக்'. சிவப்பு முடி இருந்த ஒரே காரணத்துக்காகக் கிடைத்த வேலை திடீரென்று போய்விட்டது என்று அடகுக்கடைக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொல்ல, ஹோம்ஸும் வாட்சனும் அடக்கமாட்டாமல் சிரித்துவிடுவார்கள். பிரெட்டுக்கு வழக்கமாக அரை விநாடிச் சிரிப்புதான், உதட்டோரம் வந்து மறைந்துவிடும். இங்கே வயிறு குலுங்கும். அப்புறம் 'தி ஃபைனல் பிராப்ளம்', 'தி டெவில்ஸ் ஃபுட்'. 1993-ல் வந்த 'தி லாஸ்ட் வாம்பையர்', 'தி எலிஜிபிள் பேச்சலர்' பக்கம் போகவே வேண்டாம். சிறுகதையை இழுத்து முழுநீளப் படமாக்கி, தண்ணீர் ஊற்றிய மோராக்கிவிட்டார்கள்.