சுவீடன் முன்னோர் ஒருவருக்கு மூன்று பிறந்த தேதிகள் கிடைத்தால் எதை நம்புவது?

உங்கள் மனைவியின் கொள்ளுத்தாத்தா சுவீடனின் ஸ்மோலாந்தில் பிறந்து அமெரிக்கா போனவர். ஊர்த் திருச்சபையின் பிறப்பு ஏட்டில் ஒரு தேதி, குடும்ப ஏட்டில் வேறொன்று, கல்லறைக் கல்லில் மூன்றாவது. எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். பிறப்பு ஏட்டில் இருப்பதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த வரியில் இருக்கும் குழந்தை அவர்தானா என்று முதலில் பாருங்கள்.

என் மருமகன் சுவீடன்காரர். அவருடைய வம்சாவளியைத் தேட உட்கார்ந்ததில் இந்த ஏடுகள் எனக்குப் பழக்கமாயின. இதில் பலரும் தடுமாறுவது ஓட்டு எண்ணுவதில்தான்: நான்கு ஏடுகளில் ஒரே தேதி இருக்கிறது, பிறப்பு ஏட்டில் மட்டும் மாறியிருக்கிறது, ஆகவே நான்கும்தான் சரி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அந்த நான்கும் எப்படி வந்தன? 1686ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி, பாதிரியார் குடும்பம் குடும்பமாக மக்களின் வேத அறிவைச் சோதித்துக் குறித்துவைக்க வேண்டும். அந்தக் குடும்ப ஏடு சில ஆண்டுகளில் நிரம்பிவிடும். புதிய ஏடு திறந்ததும் பழைய தேதிகளைப் பார்த்து எழுதுவார்கள். 1 என்பது 7 ஆகிவிட்டால் அடுத்த ஏட்டிலும் 7தான். வேலைக்காக வேறு ஊருக்குப் போனால் இடமாற்றச் சான்றிலும் அதே 7, போன ஊர் ஏட்டிலும் அதே 7. நான்கு சாட்சிகள் போலத் தெரிந்தாலும் உண்மையில் ஒரே சாட்சி. இறப்பு ஏட்டில் வருடம், மாதம், நாள் கணக்கில் வயது எழுதியிருந்தாலும் ரொம்ப நம்ப வேண்டாம். அதுவும் பெரும்பாலும் குடும்ப ஏட்டைப் பார்த்துப் போட்ட கணக்காக இருக்கலாம். அதனால் பின்னோக்கிப் போய், தேதி எந்த ஏட்டில் முதன்முதலாக மாறியது என்று பிடியுங்கள். மாறிய இடம் கிடைத்தால் காரணமும் அநேகமாக அங்கேயே தெரியும்.

சரி, அந்தக் குழந்தை அவர்தானா என்ற விஷயம். அந்தக் காலத்தில் சின்னக் குழந்தை இறந்துபோனால் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு அதே பெயரை வைப்பது சாதாரணம். 1834இல் ஒரு யூஹான், 1836இல் இன்னொரு யூஹான், ஒரே பெற்றோர், ஒரே பண்ணை. முதல் குழந்தையின் பிறப்பைக் கண்டதும் தேடலை நிறுத்திவிட்டால், இறந்த அண்ணனின் தேதியைத் தம்பிக்கு ஒட்டிவிடுவீர்கள். இரண்டு தேதிகளுக்கும் இடையில் ஒன்றிரண்டு வருடம் இருந்தால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் இதுதான். இறப்பு ஏட்டில் அந்த இடைவெளியை வரி வரியாகப் பாருங்கள். இது போதாதென்று தகப்பன் பெயரோடு 'சன்' சேர்த்தே குடும்பப் பெயர் வந்ததால், ஒரே சபையில் ஒரே பெயரில் பல பேர் இருப்பார்கள். பெயரை விட்டுவிட்டு பண்ணைப் பெயர், தாயின் பெயர், ஞானஸ்நான சாட்சிகள் மூன்றையும் பொருத்திப் பாருங்கள். சாட்சிகள் பெரும்பாலும் சித்தப்பா, அத்தை, பக்கத்துப் பண்ணைக்காரர்கள்தான்.

வித்தியாசம் சில நாட்கள்தான் என்றால் அது முரண்பாடே இல்லாமல் இருக்கலாம். பழைய ஏடுகள் பலவற்றில் ஞானஸ்நானத் தேதி மட்டும்தான் இருக்கும். பிறந்து எட்டு நாளுக்குள் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். மாதம் மாறியிருந்தால் எழுதிய முறையைக் கவனியுங்கள். 12/3 என்றால் சுவீடனில் மார்ச் 12. அமெரிக்கக் கண்ணுக்கு அது டிசம்பர் 3. பழைய கையெழுத்தில் 7-பெர் என்று இருந்தால் செப்டம்பர், ஜூலை இல்லை. 8-பெர் அக்டோபர்.

நாட்காட்டி மாற்றத்தையும் ஒரு காரணமாக யாராவது சொல்வார்கள். 1753இல் பிப்ரவரி 17க்கு அடுத்த நாளை மார்ச் 1 ஆக்கினார்கள், உண்மைதான். 1712இல் சுவீடனுக்கு பிப்ரவரி 30 கூட இருந்தது! ஆனால் உங்கள் ஆள் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர், அதை விட்டுவிடலாம்.

கல்லறைத் தேதிக்கு நான் கடைசி இடம்தான் கொடுப்பேன், பிள்ளைகள் நினைவிலிருந்து சொன்னது அது. ஆனாலும் பிறந்தநாள் கொண்டாடும் வழக்கம் இருந்திருந்தால் நாளும் மாதமும் சரியாக நின்று வருடம் மட்டும் பிசகியிருக்கலாம். ஆகவே தூக்கிப் போடாமல், மூன்று தேதிகளையும் எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்போடு வைத்திருங்கள்.

சுவீடன் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் ஏட்டுப் படங்களை இலவசமாகவே பார்க்கலாம். ஆர்கிவ் டிஜிட்டல் என்ற தனியார் தளத்தில் பணம் கட்ட வேண்டும், ஆனால் வண்ணப் படங்கள். மங்கிய மை அதில் நன்றாகத் தெரியும். வம்சாவளித் தளங்களின் தட்டச்சுப் பட்டியலோடு நின்றுவிடாதீர்கள். சபையின் பிறப்பு ஏடு தீயில் போய்விட்டிருந்தால், 1860 முதல் பாதிரியார்கள் புள்ளியியல் அலுவலகத்துக்கு அனுப்பிய நகல்கள் இருக்கின்றன. அவற்றில் தேடிப் பாருங்கள்.