தெருவுக்கு ஒரே கேபிள்காரர்: செட்டிநாட்டு வாசகர் கேள்வி பதில்

பள்ளத்தூர் வாசகர்: அண்ணே, எங்க தெருவுக்கு ஒரே கேபிள்காரர்தான். மாசம் 300 வாங்குறார், ரசீது கிடையாது. கேட்டா ‘டிராய் ரேட்’டுங்கிறார். நெசமா?

டிராய் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். அதற்கு அப்படி ஒரு ரேட்டே இல்லை தம்பி. 2019-ல் அடிப்படைக் கட்டணத்துக்கு 130 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி என்று உச்சவரம்பு இருந்தது. 2024 ஜூலையில் அதையும் எடுத்துவிட்டார்கள். போட்டி இருந்தால் விலை தானாக அடங்கும் என்பது கணக்கு. சென்னைக்குச் சரி, பள்ளத்தூருக்கு? கட்டணச் சேனல்களின் விலை இந்த அடிப்படைக் கட்டணம் போகத் தனி. அதனால் 300 தப்பென்று எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டேன். எதற்கு எவ்வளவு என்று பிரித்து ரசீது கேளுங்கள், பார்க்காத பொக்கேயை (சேனல் தொகுப்பை) நீக்கச் சொல்லுங்கள். மசியாவிட்டால் மாடியில் டிஷ் வைக்கலாம். டிடி தமிழ் போதும் என்றால் டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதச் சந்தாவே கிடையாது.

கானாடுகாத்தான்: சென்னையில் இருக்கோம். முன்னோருக்குப் படைப்பு, கல்யாணம்னாத்தான் ஊர்ல வீடு திறப்போம். சந்தா மட்டும் மாசாமாசம் போகுது.

தற்காலிகமாக நிறுத்திவைக்க விதியில் இடம் உண்டு. முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

காரைக்குடி ஆச்சி: 100 எம்பிபிஎஸ் வேக பிளான் போட்டும் அடுப்படியில நெட் வரலைப்பா. 200-க்கு மாறச் சொல்றாங்க.

மாறாதீங்க ஆச்சி! மோடம் வீட்டு முகப்பில் இருக்கும், அடுப்படி பின்கோடியில், கடைசிக் கட்டுப் பகுதியில். நடுவில் எத்தனை சுவர், ஒவ்வொன்றும் எவ்வளவு கனம்? பேரனை விட்டு மோடத்தில் வயர் சொருகி லேப்டாப்பில் வேகம் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே 100 வந்தால் பிளான்மேல் குற்றமில்லை. லேன் வயர் இழுத்து இரண்டாம் கட்டுப் பகுதியில் இன்னொரு ரௌட்டர் வைத்தால் தீர்ந்தது, ஒரே தடவைச் செலவு. வயர் இழுக்க வருபவர் தேக்குத் தூணில் ஆணி அடித்துவிடாதபடி பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தேவகோட்டை: வேற கம்பெனி ஏன் எங்க தெருவுக்கு வர மாட்டேங்குது?

ஃபைபர் செலவு தெருவின் நீளத்துக்கு, வருமானம் திறந்திருக்கும் வீட்டுக்கு. ஒரே வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது, அதுவும் பூட்டிக் கிடக்கிறது. யார் வருவார்? அக்கம்பக்கத்தில் ஆள் சேர்த்து பிஎஸ்என்எல்லில் மொத்தமாகக் கேளுங்கள். போனில் 5ஜி நன்றாக வந்தால் தெருவில் வயர் இழுக்காமல் 5ஜி வழியாக வீட்டுக்கு நெட் தரும் ஏர்ஃபைபரும் விசாரியுங்கள். அதுவரை தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு வருடச் சந்தா கட்டாதீர்கள், நடுவில் மாற முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள்.

புதுவயல்: புகார் யாரிடம்?

முதலில் கம்பெனியிடம், புகார் எண்ணோடு. அசையாவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915.