கல்லாவில் பணம் குறைகிறது, யாரைக் கேட்பது?

கேள்வி: மடிப்பாக்கத்தில் ஆறு ஆண்டுகளாக லேடீஸ் பியூட்டி பார்லர் நடத்துகிறேன். மூன்று பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவரே கவுன்ட்டரையும் பார்த்துக்கொள்கிறார். மாதம் சுமார் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு பில் ஆகிறது. பாதிக்கு மேல் ஜிபே, போன்பே, கொஞ்சம் கார்டு, மீதி ரொக்கம். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் ஐந்தாயிரம், ஏழாயிரம் என்று கல்லாவில் குறைகிறது. டிப்ஸையும் பில்லோடு சேர்த்துக் கடை கியூஆரிலேயே போட்டுவிடுகிறார்கள். நாங்கள் கல்லாவிலிருந்து எடுத்துப் பெண்களுக்குக் கொடுத்துவிடுவோம். போன மாதம் ஒரு கல்யாணப் பெண், முகூர்த்தம் தள்ளிப்போய்விட்டது என்று 5,000 ரூபாய் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார். கையில் இல்லாததால் இன்னும் கொடுக்கவில்லை. கவுன்ட்டர் பெண் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. கேட்கவும் மனசு வரவில்லை, கேட்காமலும் இருக்க முடியவில்லை. என்ன செய்யலாம்?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: அந்தப் பெண்ணிடம் இப்போது எதுவும் கேட்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், யாரும் ஒரு ரூபாய்கூட எடுக்காமலே உங்கள் கல்லாவில் மாதம் ஏழாயிரம் குறைய முடியும். ஏனென்றால் அந்த ஒரே பெட்டியில் நாலு விதமான பணம் கிடக்கிறது. கடை சம்பாதித்தது, பெண்களுக்குச் சேர வேண்டிய டிப்ஸ், இன்னும் செய்யாத வேலைக்கு வாங்கிய அட்வான்ஸ், அப்புறம், நீங்கள் எழுதாவிட்டாலும், பெரும்பாலும் நீங்கள் வீட்டுக்கு எடுத்துப்போகும் பணம். இந்த நாலும் பிரியாதவரை எந்தக் கூட்டலும் சரியாக வராது.

ஒரு சனிக்கிழமையை எடுத்துக்கொள்வோம். காலையில் சில்லறைக்காகக் கல்லாவில் 1,500 ரூபாய் வைக்கிறீர்கள். அன்றைய பில் 8,400 ரூபாய். அதில் யுபிஐ 5,300, கார்டு 1,100, ரொக்கம் 2,000. டீ, டவல் சலவைக்கு 180 ரூபாய் போகிறது, அதை நோட்டில் எழுதிவிட்டீர்கள். அப்படியானால் ராத்திரி கல்லாவில் 3,320 ரூபாய் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் 2,170தான். 1,150 ரூபாயைக் காணோம்!

அன்று நடந்ததைத் திரும்ப யோசியுங்கள். ஒரு வாடிக்கையாளர் பில்லுக்கு மேல் 250 ரூபாய் டிப்ஸ் போட்டார். அது உங்கள் வங்கிக் கணக்குக்குப் போனது, பெண்ணுக்குக் கொடுத்ததோ கல்லாவிலிருந்து. முந்தின நாள் ஹேர் ஸ்பா திருப்தி இல்லை என்று வந்தவருக்கு 400 ரூபாய் ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்தீர்கள். அவர் பணம் கட்டியது ஜிபேயில். சாயங்காலம் காய்கறிக்கும் பிள்ளையின் ஸ்கூல் நோட்டுக்கும் நீங்களே 500 எடுத்தீர்கள். மூன்றையும் கூட்டினால் அதே 1,150. இது நான் போட்ட உதாரணக் கணக்குதான். ஆனால் இதில் கால்வாசி தினமும் நடந்தாலே, நீங்கள் சொல்லும் ஏழாயிரத்துக்கும் மேலேயே போய்விடும்.

அதனால் முதல் வேலை, தினமும் கடை மூடும் முன் கல்லாவை எண்ணுவது. மாதக் கடைசியில் எண்ணிப் பிரயோஜனமே இல்லை. முப்பது நாள் கழித்து ஐந்நூறு ரூபாய் எங்கே போனது என்று யாருக்கு நினைவிருக்கும்? காலையில் வைக்கும் சில்லறைத் தொகை எப்போதும் ஒன்றாகவே இருக்கட்டும். ராத்திரி ஐந்நூறு, இருநூறு, நூறு என்று தாள்வாரியாக எண்ணி எழுதி, அந்தப் பெண்ணும் நீங்களும் கையெழுத்துப் போடுங்கள். நீங்கள் கடையில் இல்லாத நாளில் இன்னொரு பெண் கூட நின்று எண்ணட்டும். இரண்டு பேர் எண்ணுவது கவுன்ட்டர் பெண்ணுக்கும் பாதுகாப்பு. அதை அவரிடம் வாய்விட்டே சொல்லுங்கள்.

அடுத்து, நீங்கள் கல்லாவில் கை வைப்பதை நிறுத்த வேண்டும். உங்கள் கடை, உங்கள் பணம், அதை மறுக்கவில்லை. ஆனால் முதலாளி எடுக்கும் பணத்துக்குச் சீட்டு இல்லாத கடையில் வேலை செய்கிறவர்கள்தான் சந்தேகத்தைச் சுமக்கிறார்கள். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். வீட்டுச் செலவுக்கு இவ்வளவு என்று முடிவு செய்து, மாதம் ஒன்றிரண்டு முறை கடைக் கணக்கிலிருந்து உங்கள் சேமிப்புக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு எடுக்க வேண்டி வந்தால் ஒரு துண்டுச் சீட்டில் 'சொந்தச் செலவு' என்று எழுதிக் கல்லாவிலேயே போடுங்கள். கடைக்குத் தனியாகக் கரண்ட் அக்கவுன்ட் இல்லையென்றால் இந்த வாரமே திறந்து, கியூஆரை அதில் இணைத்துவிடுங்கள்.

டிப்ஸ் விஷயத்துக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். வாடிக்கையாளர் தானாகப் பிரியப்பட்டு அந்தப் பெண்ணுக்குக் கொடுப்பது கடையின் வருமானம் இல்லை. அது உங்கள் கியூஆரில் வந்து விழுந்தால், அதைக் கைமாற்றி விடும் பொறுப்பு மட்டும்தான் உங்களுடையது. பெரிய ஹோட்டல் நிறுவனம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016இல், வாடிக்கையாளர் தரும் டிப்ஸை நிறுவனம் வாங்கி ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தாலும் அது சம்பளம் ஆகாது, சம்பளம் தரும்போதே முதலாளி பிடித்துக் கட்டும் வருமான வரியான டிடிஎஸ் அதில் பிடிக்க வேண்டியதில்லை என்று தீர்ப்புச் சொன்னது. அதே சமயம், வாங்கும் ஊழியர் கையில் அது வருமானம்தான். ஆகவே 'டிப்ஸ் நிறைய வருகிறதே, சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளலாம்' என்ற யோசனை மட்டும் வேண்டாம்.

எளிய வழி, ஒவ்வொரு கண்ணாடிக்குப் பக்கத்திலும் அந்த இடத்தில் வேலை செய்யும் பெண்ணின் சொந்த கியூஆரை ஒரு சின்ன ஸ்டாண்டில் வைப்பது. டிப்ஸ் நேராக அவர் கணக்குக்குப் போய்விடும், உங்கள் கல்லாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதில் ஒரு குறை உண்டு. தலை அலசிவிடுகிறவர், டவல் மடிக்கிறவர், தரை பெருக்குகிறவர் ஆகியோருக்கு எதுவும் கிடைக்காது. மூன்று பேரும் மாற்றி மாற்றி எல்லா வேலையும் செய்கிறவர்கள் என்றால், ஒரு பொது உண்டியல் வைத்துச் சனிக்கிழமைதோறும் அவர்களே பிரித்துக்கொள்ளட்டும். எது வேண்டும் என்பதை அவர்களையே கேளுங்கள், நீங்கள் முடிவு செய்யாதீர்கள். எப்படியும் சிலர் பழக்கத்தில் கடை கியூஆரில்தான் போடுவார்கள். அதற்குத் தனியாக ஒரு டிப்ஸ் நோட்டு வையுங்கள். தேதி, தொகை, பெண்ணின் பெயர், வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து, அவ்வளவு போதும். கல்லாவிலிருந்து எடுத்துத் தராமல், வாரம் ஒருமுறை கடைக் கணக்கிலிருந்து அவர்கள் கணக்குக்கே அனுப்புங்கள். வங்கியில் வந்தது வங்கியிலேயே போகட்டும்.

இதில் வரியும் இருக்கிறது. மாதம் ஒன்றரை லட்சம் என்றால் வருடத்துக்கு 18 லட்சம். சேவைத் தொழிலுக்குத் தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு வரம்பு 20 லட்சம். டிப்ஸ், தங்கை அனுப்பிய கைமாற்று, சீட்டுப் பணம் எல்லாம் அதே கியூஆரில் விழுந்தால் வங்கிக் கணக்கில் 20 லட்சத்துக்கு மேல் தெரியும். 2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித்துறை யுபிஐ வரவுகளை வைத்துச் சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியபோது, வந்த பணம் எல்லாமே விற்பனை இல்லை என்று காட்ட வேண்டிய சுமை கடைக்காரர்கள் தலையில்தான் விழுந்தது. அப்படி ஒரு நாள் வந்தால் கையெழுத்துப் போட்ட டிப்ஸ் நோட்டு உங்களுக்காகப் பேசும்.

வருமான வரியில் உத்தேச முறை இருக்கிறது. 44ஏடி என்று ஆடிட்டர்களுக்குப் பழகிய அந்த முறையில், டிஜிட்டல் வரவில் 6 சதவீதமும் ரொக்க வரவில் 8 சதவீதமும் லாபம் என்று காட்டினால் போதும், வரித்துறைக்காக விரிவான கணக்குப் புத்தகம் வைக்க வேண்டியதில்லை. இந்தச் சலுகையால்தான் பல பார்லர்களில் தினக் கணக்கே எழுதுவதில்லை. வரித்துறைக்கு வேண்டாம் என்றாலும், கல்லா எங்கே ஒழுகுகிறது என்று தெரிய அது உங்களுக்கு வேண்டும்.

இனி பணம் வாங்கும் இடம். வாடிக்கையாளர் நீட்டும் ஸ்க்ரீன்ஷாட்டை ஒருபோதும் ரசீதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், போலியாகச் செய்வது சுலபம். சவுண்ட் பாக்ஸ் சொன்னதா, கடை ஆப்பில் வந்ததா என்பது மட்டும்தான் கணக்கு. தீபாவளிக்கு முந்தின கூட்டத்தில் டிரையர் சத்தத்தில் சவுண்ட் பாக்ஸ் கேட்காது. அப்போது ஆப்பைத்தான் பார்க்க வேண்டும். 'எனக்குப் போயிடுச்சு, உங்களுக்கு வரலையா?' என்பதும் நடக்கிறதுதான். கடைக்காரருக்குச் செலுத்திய யுபிஐ பணம் இப்படி நடுவில் நின்றுவிட்டால், பரிவர்த்தனை நாளுக்குப் பிறகு ஐந்து நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019இல் விதி போட்டிருக்கிறது. அதை நிதானமாகச் சொல்லி, வேறு வழியில் கட்டச் சொல்லுங்கள். தெரிந்த வாடிக்கையாளர் என்றால் பரிவர்த்தனை எண்ணை எழுதிவைத்துக்கொண்டு அனுப்பிவையுங்கள்.

கார்டு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1,100 ரூபாய்க்குத் தேய்த்தால் கட்டணம் கழிந்துதான் கணக்குக்கு வரும். நோட்டில் வருமானம் 1,100 என்றும், கழிந்ததைச் செலவு என்றும் எழுதுங்கள். டெபிட் கார்டுக்கு அந்தக் கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் வைக்கக் கூடாது.

ரீஃபண்டுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பணம் எந்த வழியில் வந்ததோ அதே வழியில் திரும்ப வேண்டும். யுபிஐயில் வந்தது யுபிஐயில், அதே எண்ணுக்கு. கார்டில் வந்தது அதே கார்டுக்கு. ரொக்கத்தில் வந்தது ரொக்கத்தில், பழைய பில்லின் பின்புறம் வாடிக்கையாளரின் கையெழுத்தோடு. 'தப்பா ரெண்டாயிரம் அதிகமா போட்டுட்டேன், கேஷா குடுங்க' என்று கேட்கிறவரில் ஏமாற்றுகிறவரும் உண்டு. இந்த ஒரு விதி அவரிடமிருந்தும் காப்பாற்றும், உங்கள் கல்லாவையும் குழப்பாது. எந்த ரீஃபண்டும் நீங்கள் போனில் சரி சொன்ன பிறகே போக வேண்டும்.

சுவரில் 'பணம் திருப்பித் தரப்படமாட்டாது' என்று எழுதி ஒட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடான சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடவடிக்கை. பில்லில் கெடு எழுதியிருந்தால் அதற்குள்ளும், எழுதாவிட்டால் 30 நாளுக்குள்ளும் தர வேண்டும். பில் தராமல் இருப்பதும் அதே பட்டியலில் வருகிறது. ஹேர் கலர் ஒத்துக்கொள்ளாமல் அரிப்பு வந்தது என்று ஒருவர் திரும்பி வந்தால், முதலில் பேட்ச் டெஸ்ட், அதாவது தோலில் கொஞ்சம் தடவிப் பார்க்கும் சோதனை, செய்தோமா என்று பாருங்கள். செய்யவில்லை என்றால் வாதாடாமல் கொடுத்துவிடுவதே சரி.

கல்யாண அட்வான்ஸ் இதிலிருந்து வேறு. அந்த 5,000 ரூபாய் கைக்கு வந்த அன்று அது உங்கள் வருமானம் ஆகவில்லை. முகூர்த்தத்தன்று மேக்கப் போட்டு முடித்த பிறகுதான் ஆகிறது. அதுவரை அது அந்தப் பெண்ணுக்கு நீங்கள் பட்ட கடன். அதை வேறு செலவுக்கு எடுத்துவிட்டதால்தான் இன்று கையில் இல்லை. இனிமேல் எல்லா அட்வான்ஸையும் தனி சேமிப்புக் கணக்கில் போட்டு, முகூர்த்தத் தேதியோடு ஒரு பட்டியல் வையுங்கள். தை மாதத்துக்கு வாங்கிய அட்வான்ஸை ஆடியில் கூட்டம் இல்லாதபோது தொட மனசு வரும், அப்போதுதான் தனிக் கணக்கு கை கொடுக்கும். 'ஐந்து ஃபேஷியலுக்கு மொத்தமாகக் கட்டினால் ஒன்று இலவசம்' என்று வாங்கும் பணமும் இதே வகைதான்.

இந்த வாடிக்கையாளரை இன்றே போனில் அழையுங்கள். புதுத் தேதி முடிவாகியிருந்தால் அட்வான்ஸை அதற்கு மாற்றிக்கொள்ளலாமா என்று ஒருமுறை கேளுங்கள். வேண்டாம் என்றால், டிரையல் மேக்கப் செய்திருந்தாலோ அவருக்காக மட்டும் பொருள் வாங்கியிருந்தாலோ அந்தச் செலவைப் பில்லோடு காட்டிக் கழித்துக்கொண்டு, மீதியைக் கொடுத்துவிடுங்கள். ஒரேயடியாக முடியாவிட்டால் இரண்டு தவணை, இரண்டுக்கும் தேதி சொல்லுங்கள். அடுத்த மணப்பெண்ணிடம் அட்வான்ஸ் வாங்கும்போதே, எத்தனை நாளுக்கு முன் சொன்னால் முழுத் தொகை, அதற்குப் பிறகு சொன்னால் எவ்வளவு பிடிப்போம் என்று ரசீதில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

இவ்வளவும் செய்து ஒரு மாதம் போகட்டும். அதற்குப் பிறகும் குறைந்தால், எந்த நாளில், யார் கவுன்ட்டரில் இருந்தபோது, எவ்வளவு என்று உங்கள் கையில் தாள் இருக்கும். அப்போது அந்தத் தாளை வைத்துக்கொண்டு, தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். விளக்கம் சொல்ல வாய்ப்புத் தராமல் சம்பளத்தில் பிடிப்பதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. அவருடைய கவனக்குறைவால் நேரடியாக வந்த இழப்பு என்று தெரிந்தால் மட்டுமே பிடிக்க முடியும். பத்து, இருபது ரூபாய் சில்லறை வித்தியாசம் எந்தக் கடையிலும் வரும். அதை எழுதிவிட்டு விட்டுவிடுங்கள்.

கடைசியாக ஜிஎஸ்டி. அழகு நிலையச் சேவைகளுக்கு 18 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. ஆனால் நீங்கள் வாங்கும் பொருட்களுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. 600 ரூபாய் ஃபேஷியலுக்கு முன்பு 108 ரூபாய் வரி, இப்போது 30. ஆகவே 20 லட்சத்தைத் தாண்டிவிடுவோமோ என்று பயந்து பில் போடாமல் விட வேண்டிய அவசியமே இல்லை. பதிவு செய்த பிறகு கல்யாண அட்வான்ஸுக்கு அதை வாங்கும்போதே வரி வரும், அதையும் கணக்கில் வையுங்கள். டிப்ஸையும் கைமாற்றையும் கழித்த உண்மையான பில் தொகையை மாதாமாதம் கூட்டிக்கொண்டே வாருங்கள். அது 19 லட்சத்தை நெருங்கும்போது தினக் கல்லா நோட்டு, டிப்ஸ் நோட்டு, அட்வான்ஸ் பட்டியல் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஆடிட்டரைப் பாருங்கள். வரம்பைத் தாண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.