"ஆகிடும் சார்" அங்கே செல்லாது

தம்பி, மணலியில் ஆறு வருஷம் பைப்பிங் சூப்பர்வைசராக இருந்துவிட்டு அடுத்த மாதம் சிங்கப்பூரில் எண்ணெய், ரசாயன ஆலைகள் இருக்கும் ஜூரோங் தீவுக்கு ப்ராஜெக்ட் இன்ஜினியராகப் போவதாக எழுதியிருந்தீர்கள். "வேலை நம்ம ஊர் மாதிரிதானே இருக்கும், சமாளிச்சிடுவேனா அண்ணா?" என்றும் கேட்டிருந்தீர்கள். லீவில் திருவொற்றியூர் வீட்டுக்கு வந்திருக்கிறேன். மொட்டை மாடியில் நின்றால் மணலி ரிஃபைனரியில் மிச்ச வாயுவை எரிக்கும் ஃப்ளேர் தெரிகிறது. நானும் அதன் அடியில் வேலை கற்றவன்தான்.

பைப் அங்கேயும் அதே பைப். பைப்பிங்குக்கான அதே பி31.3 விதிமுறை, அதே ஐசோமெட்ரிக் வரைபடம், தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் ஹைட்ரோ டெஸ்ட்டுக்கு டிசைன் பிரஷரில் அதே ஒன்றரை மடங்கு. மாற வேண்டியது நம் வாய்தான். இங்கே கிளையண்ட் கேட்டால் "ஆகிடும் சார்" என்போம், ராத்திரி ஆள் போட்டு ஆக்கியும் விடுவோம். அங்கே அந்த ராத்திரி கையில் இல்லை. இரண்டு பைப்பை போல்ட் போட்டு இணைக்கும் ஒரு ஃபிளாஞ்சைக் கழற்றவே ஐசோலேஷன் (லைனை அடைத்துப் பிரித்து வைப்பது), கேஸ் டெஸ்ட், பெர்மிட் என்ற எழுத்து அனுமதி எல்லாம் வேண்டும். பெர்மிட் நேரம் முடிந்தால் ஸ்பேனரைக் கீழே வைக்க வேண்டியதுதான்.

நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் வருஷம், ஆலையை நிறுத்திவைத்த ஷட்டவுனில் ஒரு நாலு இன்ச் டை-இன், அதாவது ஓடுகிற லைனோடு புது பைப்பை இணைக்கும் வேலை. எட்டு போல்ட் ஃபிளாஞ்ச். உச்சியில் போல்ட் ஓட்டை வரக்கூடாது, உச்சிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக விலகி நிற்க வேண்டும். திங்கட்கிழமை ஸ்பூல் (வெல்டு அடித்துத் தயாராக வரும் பைப் துண்டு) வந்து இறங்கியது. எல்போவோடு வைத்துப் பார்க்கிறேன், ஒரு முனையில் ஓட்டை நேராக உச்சியில்! 22.5 டிகிரி திருப்பி வெல்டு அடித்திருக்கிறார்கள். வியாழன் டை-இன். மீட்டிங்கில் மேனேஜர் "ரெடியா?" என்றார். என் வாயிலிருந்து வந்தது அதே "ஆகிடும் சார்"தான்.

வெட்டித் திருப்பி வெல்டும் முடித்துவிட்டோம். வெல்டைச் சோதிக்க எக்ஸ்ரே எடுக்கும் ஆள் மட்டும் வெள்ளிக்கிழமை ராத்திரிதான் கிடைத்தார், வியாழன் டை-இன் தவறிவிட்டது. மேனேஜர் கத்தவில்லை. "திங்கட்கிழமையே உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார், அவ்வளவுதான். அன்றைக்கே சொல்லியிருந்தால் வேறு லைனை முன்னால் எடுத்திருப்பார்களாம். அதற்கப்புறம் ஆறு மாதம் என் கையெழுத்துக்குக் கீழே இன்னொருவர் கையெழுத்தும் தேவைப்பட்டது. அந்த வெட்கம் இருக்கிறதே, திட்டு வாங்கியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

அதனால் கோளாறு தெரிந்த அன்றே, எத்தனை நாள் தள்ளும் என்ற கணக்கோடு போய்ச் சொல்லிவிடுங்கள்.

சாப்பாடு, தமிழ் பற்றிக் கவலையே வேண்டாம், லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால் ரங்கநாதன் தெரு தோற்றுவிடும். பணம்தான் கவனம். பிஆர் (நிரந்தரக் குடியிருப்பு) வாங்கும்வரை சிபிஎஃப், அதாவது அந்த ஊர் பிஎஃப், கிடையாது. இங்கே பிஎஃப் தானாகச் சேர்ந்த மாதிரி அங்கே சேராது, நீங்களே எடுத்து வைக்க வேண்டும். மனைவியை அழைத்துக்கொள்ள நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் டாலர் இருக்க வேண்டும், ஓவர்டைம் அதில் சேராது. உங்கள் ஆஃபரில் எது நிலையானது, எது ஓவர்டைம் என்று பிரித்துப் போட்டிருக்கிறார்களா? இந்த மாதக் கடைசிவரை இங்கேதான் இருப்பேன். லெட்டரை எடுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் வாங்க, சேர்ந்து பார்த்துவிடலாம்.