தொலைந்த துணி முயல்

கேள்வி: என் நான்கு வயது மகள் கட்டிக்கொண்டு உறங்கும் துணி முயல் பேருந்துப் பயணத்தில் தொலைந்துவிட்டது. அதே போன்ற புதிய முயலை வாங்கித் தந்தும் தொட மறுக்கிறாள். பொம்மை தொலைந்துபோகும் படக்கதை ஒன்றைப் படித்துக் காட்டலாமா? அது அவளுடைய துயரத்தைக் கிளறிவிடாதா?

பதில்: தாராளமாகப் படித்துக் காட்டுங்கள். கதை வந்துதான் கிளற வேண்டும் என்றில்லை. அவள் அந்த முயலை எண்ணி ஏங்கிக்கொண்டுதான் இருக்கிறாள்.

குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட், 1953-இல் வெளியான கட்டுரையில், இத்தகைய பொருளைக் குழந்தையே மாற்றினாலொழியப் பிறர் மாற்றலாகாது என்றும், துவைத்தால்கூடக் குழந்தையின் அனுபவத்தில் ஒரு தொடர்ச்சி அறுபடும் என்பதை அறிந்தே பெற்றோர் அது அழுக்கேறி வாடையடிக்கவும் விட்டுவிடுகிறார்கள் என்றும் எழுதினார். புதிய முயலில் இல்லாதது அந்த வாடைதான். அதைத் தொடும்படி வற்புறுத்தாதீர்கள்.

நான் பரிந்துரைப்பது, ஷெர்லி ஹியூஸ் எழுதி வரைந்து 1977-இல் வெளிவந்த 'டாகர்'. ஆங்கிலப் புத்தகம்தான் என்றாலும் படங்களைக் காட்டித் தமிழில் சொன்னாலே போதும். ஒரு காது நிமிர்ந்தும் மற்றொன்று மடிந்தும், ரோமம் ஆங்காங்கே தேய்ந்தும் இருக்கும் டாகர் என்ற பழைய நாய்ப் பொம்மையைச் சிறுவன் டேவ் தொலைத்துவிடுகிறான். அதற்காக வீடே தேடுகிறது. 'பொம்மைதானே' என்று எவரும் சொல்வதில்லை. இந்தப் புத்தகத்தில் என்னை மிகவும் நெகிழவைப்பது அதுவே. மறுநாள் பள்ளிச் சந்தையில் அந்த நாய் விற்பனைக்கு இருப்பதைக் கண்டு அவன் காசு தேடி ஓடுவதற்குள் வேறொரு சிறுமி அதை வாங்கிவிட, அக்கா பெல்லா, தான் பரிசாக வென்ற பெரிய கரடிப் பொம்மையை அவளுக்குக் கொடுத்து அதை மீட்டுத் தருகிறாள்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். டேவுக்கு நாய் கிடைத்துவிடுகிறது. உங்கள் மகளுக்கு முயல் கிடைக்காமலே போகலாம். ஆகவே உறங்கும் நேரத்தில் வேண்டாம், பகலில் மடியில் அமர்த்திக்கொண்டு படியுங்கள். "நம்ம முயலும் வருமா?" என்று கேட்டால், வந்துவிடும் என்று வாக்களிக்காமல், "தேடிப் பார்த்தோம், கிடைக்கலைம்மா" என்று உள்ளதைச் சொல்லுங்கள். டாகர் இல்லாமல் டேவ் படுக்கைக்குப் போகும் இடத்தில் அவள் நின்றுவிடக்கூடும். அவள் கையே பக்கத்தைப் புரட்டும்வரை காத்திருங்கள்.