கொதிக்கிற பானையைத் தூக்க வேண்டாம்: வீட்டு பீருக்கு ஒரு ஸ்டாண்ட்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் பழைய முனிசிபல் வீடு ஒன்றில் இருக்கிறோம். இதுவரை சமையலறை அடுப்பில் 20 லிட்டர் பானை வைத்து, மால்ட் (முளைகட்டிய பார்லி) சிரப் டப்பாவில்தான் பீர் போட்டு வந்தேன். இனி சிரப் இல்லாமல், முழுக்கத் தானியத்திலேயே 23 லிட்டர் போட ஆசை. சமையலறையை விட்டு வெளியே போகச் சொல்லி வீட்டம்மா உத்தரவு. பின்பக்கம் சிமென்ட் தரை இருக்கிறது. ஆனால் அங்கே போகும் சந்து ஒரு மீட்டர்கூட வராது. மச்சானிடம் வெல்டிங் மெஷின் உண்டு. பானைகளை வைக்க மூன்று அடுக்கு ஸ்டாண்ட் செய்யலாமா, பம்ப் வைத்து ஒரே மட்டமாகச் செய்யலாமா? கேஸா, கரண்டா? நண்பர் ஒருவர் பழைய பீர் கெக் (ஸ்டீல் பீப்பாய்) தருகிறேன் என்கிறார். அதை வெட்டிப் பானையாக்கலாமா? கோடையில் என் பீரில் நெயில் பாலிஷ் மாதிரி ஒரு வாடை வருகிறது. பெரிய செட்டப் போட்டால் அது போய்விடுமா?

பதில்:

மூன்று அடுக்கு வேண்டாம். ஏன் என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். தரையில் இருக்கும் நொதிக்கும் வாளி 40 செ.மீ. உயரம். கொதித்த சாறு (மால்ட் ஊறி இறங்கிய இனிப்புத் தண்ணீர்) அதற்குள் தானாக இறங்க வேண்டுமென்றால் கொதிபானையின் அடி 60 செ.மீ.யில் இருக்க வேண்டும். 50 லிட்டர் பானை சுமார் 40 செ.மீ. உயரம், ஆக அதன் வாய் ஒரு மீட்டரில் வரும். அதற்கு மேலே மால்ட் ஊறும் பானை, அதற்கும் மேலே வெந்நீர்ப் பானை என்று வைத்தால், வெந்நீர்ப் பானையின் அடி ஒன்றரை மீட்டரிலும் வாய் 1.9 மீட்டரிலும் போய் நிற்கும். முப்பது லிட்டர் வெந்நீர் உங்கள் தலைக்கு மேல் கொதிக்கும். உள்ளே பார்க்கவே ஏணி வேண்டும். சிமென்ட் தரை ஈரமாக இருக்கிற நாளில் அந்த ஏணியில் நீங்கள் நிற்பதை நான் விரும்பவில்லை.

ஸ்டாண்டுக்கு ஒரே ஒரு வேலைதான்: காய்ச்சும் நாளில் சூடான எதையும் யாரும் கையால் தூக்கக் கூடாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற கேள்விகளுக்குப் பாதிப் பதில் தானாக வந்துவிடும். உங்களுக்கு நான் சொல்வது ஒரே மட்டம், இரண்டு பானை, ஒரு பம்ப். மூன்றாவது பானை தேவையில்லை. ஊறிய தானியத்தை மேலே வெந்நீர் விட்டுக் கழுவாமல், முழுத் தண்ணீரையும் முதலிலேயே சேர்த்துவிடும் முறை 23 லிட்டருக்கு அழகாகப் பொருந்தும். தானியத்திலிருந்து இறங்கும் சர்க்கரை கொஞ்சம் குறையும். அதற்கு அரைக் கிலோ மால்ட் கூடப் போட்டால் சரி. ஒரு பானை, ஒரு அடுப்பு, ஒரு மணி நேர வேலை மிச்சம்.

கணக்கு இப்படி வரும். மால்ட் ஐந்தரைக் கிலோ, தண்ணீர் 33 லிட்டர். தானியம் கிலோவுக்குச் சுமார் ஒரு லிட்டரைக் குடித்துவிடும். மிச்சம் 27 லிட்டர் கொதிபானைக்கு வரும், ஒரு மணி நேரக் கொதிப்பில் மூன்று நான்கு லிட்டர் ஆவியாகும், 23 லிட்டர் கையில் நிற்கும். தண்ணீரும் தானியமும் சேர்ந்து 37 லிட்டர் இடம் பிடிப்பதால் இரண்டு பானையும் 50 லிட்டராகவே இருக்கட்டும். தண்ணீர் இவ்வளவு அதிகமாக இருக்கும்போது 70, 71 டிகிரிக்குச் சூடாக்கித் தானியத்தில் விட்டாலே ஊறல் 67இல் நிற்கும்.

இப்போது இரும்புக்கு வருவோம். 38×38 அளவில், 2 மி.மீ. கனமுள்ள ஸ்கொயர் ட்யூப் எடுங்கள். கடையில் 6 மீட்டர் நீளத்தில்தான் விற்பார்கள். உங்களுக்கு இரண்டு போதும். ஸ்டாண்டின் நீளம் 1200, ஆழம் 500, கால் 550 மி.மீ. முதல் நீளத்தில் 1200இல் நான்கும் 500இல் இரண்டும் வெட்டுங்கள், 5.8 மீட்டர் போகும். இரண்டாவதில் 550இல் நான்கு கால், 500இல் இரண்டு. மிச்சம் வரும் 2.8 மீட்டரில் அடுப்பைத் தாங்கும் பட்டை, பம்புக்கு ஒரு மேடை, தள்ள ஒரு கைப்பிடி எல்லாம் ஆகிவிடும். பானை உட்காரும் நான்கு குறுக்குச் சட்டங்களை மட்டும் ட்யூபில் செய்யாதீர்கள். நேரே தீயில் இருப்பவை அவை; 40×40×5 ஆங்கிள் அயர்ன் போட்டால் வருடக்கணக்கில் வளையாமல் நிற்கும். 500 மி.மீ. ஆழம் என்று சொன்னது உங்கள் சந்துக்காகத்தான். இருந்தாலும் வெட்டுவதற்கு முன் சந்தின் அகலத்தை, மீட்டர் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் அளந்து பாருங்கள், வாசலில் அல்ல.

மச்சானிடம் இரண்டு விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒன்று, கால்வனைஸ்டு ட்யூப் வேண்டாம். வெல்டிங் சூட்டில் துத்தநாகப் பூச்சு புகையாகும். அதை மூச்சில் இழுத்தால் அன்று இரவே குளிரும் காய்ச்சலும் வரும். மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய வேலிக் கம்பத்தை எடுத்து வருபவர்கள் உண்டு, கவனம். இரண்டு, ட்யூபின் எல்லா முனையையும் மூடி வெல்டு வைத்துவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிய வழியில்லாமல் போகும். ஒவ்வொரு ட்யூபின் கீழ்ப்பக்கத்திலும் 3 மி.மீ. துளை ஒன்று போடச் சொல்லுங்கள். அந்தத் துளை மழைத் தண்ணீரையும் வெளியேற்றும். டர்பன் உப்புக்காற்றில் இரும்பு உள்ளிருந்துதான் அரிக்கும். வெளியே எத்தனை கோட் அடித்தாலும் உள்ளே தேங்கிய தண்ணீர் தன் வேலையைக் காட்டிவிடும். பெயின்ட் என்றால் அடுப்புகளுக்கு அடிக்கும் அதிக வெப்பம் தாங்கும் வகை. தீ படும் ஆங்கிள் அயர்னில் அதுவும் உரியும், பரவாயில்லை. மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை தேய்த்து அடித்துவிடுங்கள்.

நாலு காலுக்கும் சக்கரம் வைப்பது பார்க்க நன்றாக இருக்கும், எனக்குப் பிடிக்காது. ஒரு முனையில் மட்டும் இரண்டு சக்கரம், மறு முனையில் கைப்பிடி. தூக்கித் தள்ளினால் நகரும், இறக்கினால் அசையாது. 33 லிட்டர் வெந்நீர் மேலே இருக்கும்போது பிரேக் பிடித்த சக்கரத்தைவிட வெறும் கால்தான் நம்பகமானது.

கேஸா கரண்டா? வெளியே வைப்பதால் கேஸ். 3 கிலோவாட் எலிமென்ட் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். 33 லிட்டரை ஊறல் சூட்டுக்குக் கொண்டுவர அதற்கு முப்பத்தைந்து நாற்பது நிமிடம் ஆகும். மோசமில்லை. ஆனால் அதற்குத் தனி சர்க்யூட், எர்த் லீக்கேஜ் பாதுகாப்பு, எலெக்ட்ரீஷியனின் சான்றிதழ் எல்லாம் வேண்டும். ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து ஈரத் தரையில் போடுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். கேஸில் 10 கிலோவாட் அடுப்பு ஒன்று மணிக்கு முக்கால் கிலோ போல எரிக்கும். 9 கிலோ சிலிண்டரில் நான்கைந்து முறை காய்ச்சலாம். கரண்ட் போனாலும் கொதிப்பு நிற்காது. 2022, 2023 லோட்ஷெடிங்கை அனுபவித்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

கல்யாணத்துக்கும் கோயில் அன்னதானத்துக்கும் பிரியாணி போடுகிற அந்தப் பெரிய கேஸ் அடுப்பு உறவுக்காரர் யாரிடமாவது இருக்கும். அதையே வாங்கி முதலில் சோதித்துப் பாருங்கள். பானையை மட்டும் இரவல் வாங்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஊறிய பாத்திரத்தில் காய்ச்சினால் பீரில் நுரை நிற்காது. சாமிக்குச் சமைக்கிற பாத்திரத்தில் பீர் காய்ச்சுவதும் நமக்குச் சரிவராது. அலுமினியப் பானை புதிதாக வாங்கினால் தாராளமாகப் பயன்படுத்தலாம். காஸ்டிக் போட்டு மட்டும் கழுவக் கூடாது. கையில் காசு இருந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

அடுப்பின் தலைக்கும் பானையின் அடிக்கும் நடுவே 10 செ.மீ. போல இடைவெளி விடுங்கள். தாங்கும் பட்டையில் வரிசையாகத் துளை போட்டு, போல்ட்டை மாற்றி ஏற்றி இறக்கும்படி செய்தால், தீ நீலமாக எரிகிற உயரத்தை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளலாம். மஞ்சளாக எரிந்து பானையில் கரி பிடித்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். வடகிழக்குக் காற்று அடிக்கிற பக்கம் ஒரு தகடு மறைப்பு வையுங்கள். நாலு பக்கமும் மூடிவிடாதீர்கள். சிலிண்டர் ஸ்டாண்டுக்கு அடியில் இருக்கவே கூடாது, எட்டத்தில் நிற்கட்டும். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு போய்ச் சாக்கடை வாயில் தங்கும். ரெகுலேட்டர் அடுப்புக்குப் பொருத்தமானதா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா பாருங்கள். மழை வந்தால் கராஜுக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிட்டுக் காய்ச்சுவது உயிரோடு விளையாடுவது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.

பம்ப் விஷயத்தில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். சூட்டைத் தாங்கும் மேக்னட் டிரைவ் பம்ப் தானாக உறிஞ்சாது. தண்ணீர் அதற்குள் இறங்கி வந்து நிரம்பினால்தான் தள்ளும். அதனால் அதன் மேடை தரையிலிருந்து 15, 20 செ.மீ.யில், பானைக் குழாய்க்கு நன்றாகக் கீழே இருக்கட்டும். மேலே சொட்டு விழாமல் ஒரு சின்னக் கூரை. வேகத்தைக் குறைக்க வால்வு வேண்டுமென்றால் அது வெளியேறும் பக்கம்தான் வர வேண்டும். உள்ளே வரும் பக்கத்தைத் திருகிச் சுருக்கினால் பம்ப் காற்றைக் கடித்து நின்றுவிடும். தானியத்தைக் கொட்டியதும் உடனே பம்பைப் போடாதீர்கள். பத்து நிமிடம் ஊறவிட்டு, வால்வைக் கால்வாசி மட்டும் திறந்து ஆரம்பியுங்கள். அவசரப்பட்டால் தானியம் பானைக்குள் அடியில் இருக்கும் ஜல்லடையில் இறுகி அடைத்துக்கொள்ளும்.

இந்த ஒரே பம்ப் முதலில் வெந்நீரைக் கொதிபானையிலிருந்து ஊறல் பானைக்குத் தள்ளும், பிறகு ஊறலைச் சுற்றவிடும், கடைசியில் சாற்றைக் கொதிபானைக்குத் திருப்பும். திருகாமல் மாட்டிக் கழற்றும் கேம்லாக் இணைப்பு போட்டால் சிலிகான் ஹோஸை மாற்றி மாட்டுவது ஒரு நொடி வேலை. கொதித்து ஆறிய சாறு பம்ப் வழியாகப் போக வேண்டியதில்லை. வாளிக்குத் தானாக இறங்கும். பம்பைக் கிருமி நீக்கும் வேலை அதோடு போச்சு.

வால்வும் இணைப்புகளும் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நம் ஊர் ஹார்டுவேர் கடையில் கிடைப்பது பி.எஸ்.பி. மரை. அமெரிக்காவிலிருந்து வரும் பீர் சாமான்களில் என்.பி.டி. மரை இருக்கும். அரை அங்குலத்தில் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 மரை என்பதால் கையால் திருகினால் ஏறும், சரியாக இருக்கிறது என்று தோன்றும். ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 55 டிகிரி, மற்றதில் 60. சூடு ஏறியதும் சொட்டத் தொடங்கும். எதை எடுத்தாலும் முழுக்க ஒரே வகையாக எடுங்கள்.

பெயின்ட் அடிப்பதற்கு முன் வெறும் தண்ணீர் விட்டு முழு நாளையும் ஓட்டிப் பாருங்கள். 33 லிட்டரைச் சூடாக்கி, மாற்றி, சுற்றவிட்டு, கொதிக்கவைத்து, இறக்குங்கள். லிட்டர் லிட்டராக ஊற்றி மரத் துடுப்பில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஹோஸ் எங்கே தீக்குப் பக்கத்தில் போகிறது, வால்வுக் கைப்பிடி எங்கே சுடுகிறது, எந்த இடத்தில் குனிகிறீர்கள் என்பதெல்லாம் அன்றைக்குத் தெரிந்துவிடும். புரட்டாசியில் நீங்கள் குடிப்பதில்லை என்றால், இந்த வேலைக்கு அந்த மாதம் தோதானது.

இனி அந்த நெயில் பாலிஷ் வாடை. ஸ்டாண்டால் அது போகாது. ஈஸ்ட் அதிகச் சூட்டில் வேலை செய்வதால் வருவது அது. ஏல் வகை ஈஸ்ட் கேட்பது 18 முதல் 20 டிகிரி. ஜனவரியில் உங்கள் வீட்டுக்குள் 28 இருக்கும். நொதிக்கும்போது கிளம்பும் சூட்டில் வாளிக்குள் அதற்கும் மேலே போகும். ஜார்ஜ் நகரத்துப் பக்கத்தில் விளைகிற சதர்ன் பேஷன் ஹாப்ஸை (பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் பூ) எவ்வளவு போட்டாலும் அதன் பழவாசம் இந்த வாடைக்கு அடியில் புதைந்துவிடும். ஆகவே கையில் இருக்கும் பணத்தில் முதலில் வாங்க வேண்டியது ஒரு பழைய ஃபிரிட்ஜும் இங்க்பேர்ட் மாதிரி ஒரு வெப்பநிலை கன்ட்ரோலரும். அதன் சென்சாரை வாளியின் வெளிப்பக்கத்தில், சாறு இருக்கும் மட்டத்துக்குக் கீழே, மேலே ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வைத்து டேப்பால் ஒட்டுங்கள். காற்றில் தொங்கவிட்டால் ஃபிரிட்ஜின் சூட்டைத்தான் அது அளக்கும், பீரின் சூட்டை அல்ல. ஃபிரிட்ஜ் உடனே முடியாது என்றால் கோடை மாதங்களுக்கு க்வெய்க் ஈஸ்ட் போடுங்கள்; நார்வேயிலிருந்து வந்த அந்த வகை 30 டிகிரிக்கு மேலும் சுத்தமாக நொதிக்கும்.

ஆறவைப்பதும் இதே கதைதான். சாற்றில் முக்கிய 10 மீட்டர் செம்புச் சுருளுக்குள் குழாய்த் தண்ணீர் விட்டால் கோடையில் 30 டிகிரி வரைதான் இறங்கும், ஏனென்றால் குழாயில் வருவதே வெதுவெதுப்பாக இருக்கிறது. அதற்குக் கீழே போக, ஐஸ் போட்ட வாளியில் ஒரு சின்ன மீன்தொட்டி பம்பை வைத்துச் சுருளுக்குள் சுற்றவிடலாம். ஐஸ் இல்லையா, சாற்றைக் கிருமி நீக்கிய வாளியில் மூடி ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் காலை 18க்கு வந்ததும் ஈஸ்ட் போடுங்கள். சுருளில் வெளியேறும் சுடுதண்ணீரைக் கொட்டாமல் பிடித்து வைத்தால் பாத்திரம் கழுவ ஆகும்.

கெக்கைப் பற்றி: நண்பர் அதை எங்கே வாங்கினார் என்று கேளுங்கள். கெக் பொதுவாக மதுபான ஆலையின் சொத்து. டெபாசிட் கட்டியதால் அது நம்முடையதாகிவிடாது. ஆலையே கழித்து விற்றதற்கு ரசீது இருந்தால் வெட்டலாம். வெட்டுமுன் வால்வை அழுத்தி உள்ளே இருக்கும் அழுத்தத்தை முழுக்க வெளியேற்றிவிட வேண்டும். ரசீது இல்லையென்றால் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டு, 50 லிட்டர் பானையைக் கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.